கவுன்சிலர் நின்ற வரிசை

குழாயடியில் குடத்தை வைத்த வசந்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். தண்ணீரில் சாக்கடை நாற்றம். முந்தின நாளும் அப்படித்தான் வந்தது. துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்! ரெட்டியார்பாளையத்துக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிய அந்தத் தெருவுக்கு இருப்பது அந்த ஒரு குழாய்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் மகள் சின்னப்பாப்பா வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தாள். கண் செருகியது. குழந்தையை ஆட்டோவில் ஏற்றும்போது, எதிர்வீட்டு அன்னக்கிளியின் கையை வசந்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீதான கவுன்சிலரு? இன்னும் எத்தினி புள்ளைங்க குடிச்சிருக்கோ! எதனா பண்ணுக்கா!"

ஆட்டோ கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அன்னக்கிளியின் மகனும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

முப்பத்தெட்டு வருடம் கழித்துப் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால் தேவதாஸ் தன் மனைவி அன்னக்கிளியை நிறுத்தினான். ஜெயித்தது அவள், மாலை போட்டுக்கொண்டது அவன். புதுக் கவுன்சிலர்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டபோதும், "உனக்கு அதெல்லாம் புரியாது" என்று அவனே போய் வந்தான். அவருக்கு மட்டும் ரொம்பப் புரிந்துவிட்டதாக்கும்!

"இப்ப என்னா பண்றது?" என்று புருஷனிடம் கேட்டாள் அன்னக்கிளி.

"எம்எல்ஏ வீட்டுக்குப் போவோம். எப்பவும் அங்கதான போவோம்?"

எம்எல்ஏ வீட்டு வாசலில் நீண்ட வரிசை. இருவரும் கடைசியில் நின்றார்கள். வெயில் ஏறியது. தேவதாஸின் செல்போன் அடித்தது. தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி.

அவர்களுடைய முறை வந்ததும் எம்எல்ஏவின் உதவியாளர் விசாரித்தார். "சாக்கடை அடைச்சிக்கினு குழாய்த் தண்ணில கலக்குதா? உங்க கவுன்சிலர் யாரு? அவர்கிட்ட சொன்னீங்களா?"

அன்னக்கிளி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாங்க."

அவர் அசந்துபோனார். "ஏம்மா, ஜனங்கதான் இங்கயே வந்து பழகிட்டாங்க. நீங்களுமா? அது நகராட்சி வேலை. நீங்க போய்ச் சொன்னா ஆள் வருவாங்க. ஓடுங்கம்மா!"

தெருமுனையில் அன்னக்கிளி புருஷனை நிறுத்தினாள். "பயிற்சில இதெல்லாம் சொல்லலியா?"

தேவதாஸ் எங்கோ பார்த்தான். "சொல்லியிருப்பாங்க. நான் பிரியாணி துன்னுட்டு வந்துட்டேன்."

அவனைத் திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை. ஆட்டோ பிடித்துத் தனியாகவே நகராட்சிக்குப் போனாள். அதிகாரியின் அறை வாசலில் தயங்கி நின்றாள். துரத்திவிடுவாரோ? கேலி செய்வாரோ? மகனின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளே நுழைந்துவிட்டாள்.

"சார், நான் வார்டு கவுன்சிலர். எங்க தெருவுல புள்ளைங்க சாவக் கெடக்குது. குழாய மூடுங்க. லாரில தண்ணி அனுப்புங்க. இப்பவே!"

அதிகாரி எழுந்துவிட்டார். மதியத்துக்குள் குழாய் மூடப்பட்டது. லாரி வந்தது. சாக்கடையில் ஆட்கள் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகன் பசிக்கிறது என்றதும்தான் அன்னக்கிளிக்கு மூச்சே வந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சின்னப்பாப்பாவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவளும் மற்ற இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வசந்தா திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"லாரி வந்துச்சாமே. நேத்தே நாறுச்சேக்கா, நேத்தே வந்திருக்கலாமே?"

அன்னக்கிளி அழுதுவிட்டாள். "வந்திருக்கலாம் வசந்தா. என்னா அதிகாரம் இருக்குன்னே தெரியாம, ஊரான் வூட்டு வாசல்ல போய் நின்னேன். ஓட்டுப் போட்டு உக்கார வெச்சா மட்டும் பத்தாது. உக்காந்தவளுக்கு வேலை தெரியணும், கேக்க வேண்டிய எடம் ஜனங்களுக்கும் தெரியணும். இல்லன்னா நம்ம புள்ளைங்கதான் சாவும். இனிமே எந்தப் பயிற்சின்னாலும் நான்தான் போவேன். நான் பயந்து உக்காந்தா, நீ வந்து சட்டையப் புடிச்சிக் கேளு."

"கேப்பேன்" என்றாள் வசந்தா, மகளின் கையை விடாமலே.