பிறகு மாட்டிக்கொள்ளும் வசதி

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு மவுஸ் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் ஒரு தம்பதி. பேச்சில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை நான் போட்டு நிரப்பினேன். எடை குறைந்தால் தராசுத் தட்டை விரலால் அழுத்தும் குடும்பத்தில் பிறந்தவன்.

2.

முதல் தொடக்கம்: ‘மேட்டுப்பாளையம் பஸ்ஸிலிருந்து கெசியா இறங்கியபோது வானம்…’ வேண்டாம். வானத்துக்கு இந்த வியாபாரத்தில் பங்கில்லை.

இரண்டாவது: ‘ஞானமுத்து கல்யாண வீடியோ எடிட் செய்பவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை…’ அந்தச் சொல்லை அவர் பக்கத்தில் வைக்கக் கூடாது. அடித்துவிட்டேன்.

சரி, இப்படி. ஞானமுத்து இன்னும் மூன்று கல்யாண வீடியோக்களை முடித்துக் கொடுக்க வேண்டும். வாங்கிய முன்பணம் அவருடைய ஸ்கேனுக்குப் போய்விட்டது. எடிட்டிங் தெரிந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். அவர் மனைவி கெசியாவைத் தனியாக அழைத்து டாக்டர் சொன்னார்: ஆறு மாதம், அதிலும் உட்கார்ந்து வேலை செய்ய இரண்டு. அவள் அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.*

* டாக்டர் என் கைச்சரக்கு. சட்டைக் காலருக்குள் ஞானமுத்துவின் கழுத்து மெலிந்து ஆடியதை மட்டுமே நான் பார்த்தேன். ஆறு மாதத்தை ஒரு வருஷமாக்கப் பேரம் பேசிப் பார்த்தேன். கதை இறங்கி வரவில்லை.

3.

கையில் இருபத்திரண்டாயிரம். கடைக்காரர் சென்னியப்பன் மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தார்: ஒன்றில் இன்டெல் சிப், மற்றதில் ரைசன்.

“இன்டெல்லுங்க, வீடியோவுக்கு இப்பவே பறக்கும். ஆனா அந்த போர்டுல இனிப் புதுச் சிப்பு ஏறாதுங்க. ரைசன், இந்தக் காசுக்குக் கொஞ்சம் மெதுவுதானுங்க. ஆனா நாலு வருசம் கழிச்சு அதே போர்டுல பெருசா ஒண்ணு மாட்டிக்கலாம்.”

கெசியா வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள்: இன்டெல். மெதுவான கம்ப்யூட்டர் முன்னால் அவர் காத்திருந்து தீர்க்க, அவரிடம் அத்தனை மணி நேரம் இல்லை.

ஆனால் அவள் பாக்கு மண்டித் தரகரின் மகள். வேண்டிய சரக்கைப் பார்த்தால் விலை ஏறும். வேண்டாததைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும். (எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போனபோதுகூட முதலில் அவர்கள் மாட்டைத்தான்… விடுங்கள், அது வேறு கதை.)

ரைசனை எடுத்தாள். “இது என்னங்க வெல? கடேசியாச் சொல்லுங்க.”

ஞானமுத்து நிமிர்ந்தார். நான்கு நாளாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது ரைசனைத்தான்.

“ஏன் அம்மணி, நெசமாவா? நாலு வருசத்துல நம்ம பாப்பா இனியா பத்தாவது போயிருவா. அப்ப பெருசா ஒண்ணு மாட்டிக்கலாம்.”

“சும்மா வெல கேட்டேனுங்க.”

“உம்பட மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்! பயந்துட்டேன் புள்ள. டாக்டரு உன்னத் தனியாக் கூப்பிட்டாரு. ஆசுபத்திரீலிருந்து வந்ததுலிருந்து நீ இன்டெல்லுன்னே நின்ன. நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டேன்.” சிரித்தார்.

சென்னியப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. பெட்டி கைமாறாமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. “இன்டெல்லுன்னா இன்னும் ஐந்நூறு கொறச்சுக்கறேனுங்கக்கா” என்றார்.

பேரம் பலித்துவிட்டது.

4.

முடிவு ஒன்று: இன்டெல். மூன்று கல்யாணமும் முடியும். திரும்பும் பஸ்ஸில் அவர் எதையும் கேட்க மாட்டார்.

முடிவு இரண்டு: ரைசன். இந்தச் சிரித்த முகத்தோடு வீடு போவார். மூன்றாவது கல்யாண வீடியோ தாலி கட்டுவதற்கு முன்பே நின்றுவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: அவருக்கு நாலு வருஷம் எழுதிக் கொடுப்பது. எனக்கு அரை வரிதான் செலவு. எழுதினேன். கெசியா நம்பவில்லை. அடித்துவிட்டேன்.

“எதைக் கட்டட்டுமுங்க?” என்றார் சென்னியப்பன்.

அவளுக்கு நான் வசனம் எழுதப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாக. அவர் பக்கத்தில்தான் நிற்கிறார்.