ங்க சேர்க்காத கேள்வி

சண்முகவடிவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில். முப்பத்தெட்டு வருடம் என் மனைவியாக இருந்தவள். இட்லி கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் பாதி சாப்பிட்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடி, "யாரு கை இது?" என்று கேட்டாள். அவள் தோளிலிருந்து ஒரு கை கழன்று போர்வைமேல் விழுந்தது.

முதலில் என் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் இருந்தன.

எங்கள் ஊரில் அது வழக்கம். வேண்டாத கை ஒன்று தன்மேல் படும்போது ஒரு பெண் வாய்விட்டு அது யார் கை என்று கேட்டால், கை மணிக்கட்டோடு கழன்றுவிடும். ரத்தம் வராது. கேட்காவிட்டால் கை அங்கேயே தங்கிவிடும். கைக்காரன் வீட்டுக்குப் போவான், அதே கையால் சோறு தின்பான். ஆனாலும் கை அவளிடமும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எடை மட்டும் இருக்கும். கேட்பதற்கு ஒரே ஒரு விதிதான். கேள்வியில் மரியாதை சேரக்கூடாது. "ங்க" என்று முடித்தால் கை அசையாது.

சண்முகவடிவு ஆட்டுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வாள். "ங்க" இல்லாமல் அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விழுந்தது ஒரு வாலிபனின் கை. விரலில் அந்தக் காலத்து ஊதா மை. நாற்பது வருடம் பழையதாக இருக்கும்.

"யாருது?" என்றேன்.

"இனிமே யாருதா இருந்தா என்னங்க" என்றாள். தோளை இரண்டு முறை தூக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தூங்கிவிட்டாள். காலையில் ஆள் அனுப்பிச் சொன்னார்கள்.

பேருந்து நிலையத்தில் தவறிய பொருட்கள் அறை என் பொறுப்பில் இருக்கிறது. இடப்பக்கத் தட்டுகளில் குடைகள், வலப்பக்கம் கைகள். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கையையும் தட்டில் வைத்தேன். உரிமையாளர் தெரியவில்லை என்று சீட்டு எழுதிக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புச் சீருடை. ஒல்லியாக இருந்தவள் முத்துநந்தினி. அவளைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஜெனிஷா.

"தாத்தா, ஒரு ரசீது வேணும்" என்றாள் ஜெனிஷா.

"கை எங்கே?"

"கை இல்ல."

கை இல்லாமல் ரசீது எழுத விதியில்லை. சொன்னேன்.

முத்துநந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அஞ்சே முக்கால் பஸ்ஸில் அவளுடைய டியூஷன் சாரும் வருவார். அவள் எங்கே நின்றாலும் பின்னால் வந்து நிற்பார். ஆடி மாதத்திலிருந்து. இதற்குள் முதுகில் நாலு கையின் எடை சேர்ந்துவிட்டது, புத்தகப் பையை மாட்ட முடியவில்லை. பஸ்ஸில் ஏதோ நடக்கிறது என்று அவள் அப்பாவின் காதுக்கு எட்டிவிட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ரசீதின் பின்பக்கத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: "இதை வைத்திருப்பவரின் பயணத்தை நிறுத்தக்கூடாது." அப்பாக்களுக்கும் அது பொருந்தும். அதற்காகத்தான் வந்திருந்தார்கள்.

"நீ கேட்கவில்லையா?" என்றேன்.

"கேட்டேன் தாத்தா. விழல."

"என்னவென்று கேட்டாய்?"

"சார், யாரு கைங்க சார் இதுன்னு."

ஜெனிஷா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, கடிக்க வர்ற நாயப் பாத்து போங்கன்னா சொல்லுவ?"

"சார்ட்டி அவரு. வாயில வரமாட்டேங்குது."

"வரும். முதல்ல தாத்தாவ நீன்னு சொல்லு."

"தாத்தா பாவம்ட்டி."

"அவரு கோவிக்க மாட்டாரு. கோவிப்பீங்களா தாத்தா?"

கோபிக்க மாட்டேன் என்றேன்.

முத்துநந்தினி என்னைப் பார்த்து "நீ" என்றாள். கொஞ்சம் நின்றாள். பின்னாலேயே ஒரு "ங்க" வந்து ஒட்டிக்கொண்டது.

அன்று திங்கள். வெள்ளிவரை தினமும் பள்ளி விட்டதும் வந்தார்கள். நான் குடைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பேன், அவள் பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டிப் பழகுவாள். செவ்வாய்க்கிழமை "தாத்தா, நீ வாங்க" என்றாள். புதன்கிழமை "நீ வா" என்று சொல்லிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பில் மூன்று "ங்க" இருந்தன. வியாழக்கிழமை ஜெனிஷாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய்னு சொல்லுட்டி."

"டேய்" என்றாள் முத்துநந்தினி.

"என்ன?" என்றேன்.

"தண்ணி கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள். செம்பைத் திருப்பித் தரும்போது மன்னிப்புக் கேட்கவில்லை. வெளியே ஒரு பஸ் பின்பக்கமாக நகர்ந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் முதுகு மட்டும் சட்டென்று சுருங்கியது.

வெள்ளிக்கிழமை ஆறு மணி ஆகியும் அவர்கள் வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். ஆறேகாலுக்கு வந்தார்கள். முத்துநந்தினி சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்தாள். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வலது கை. விரல் இடுக்கில் சாக்பீஸ் தூள்.

"பஸ்ஸே அமைதியாயிட்டு தாத்தா" என்றாள் ஜெனிஷா. "டேய், யாரு கை இதுன்னா பாருங்க. டிரைவரே திரும்பிட்டாரு."

"டேய் சொல்லணும்னு நினைக்கல" என்றாள் முத்துநந்தினி. "தானா வந்துட்டு."

"இன்னும் நாலு இருந்ததே?"

"அதுவும் விழுந்துட்டு. பையில இடமில்ல. கண்டக்டர் எடுத்துட்டு வர்றாரு."

ஐந்துக்கும் சேர்த்து ஒரே ரசீது எழுதினேன்.

சனிக்கிழமை காலை டியூஷன் சார் வந்தார். வலது கையைச் சட்டைக்குள் விட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது.

"அண்ணாச்சி, என்னோட பொருள் ஒண்ணு இங்க இருக்காம்."

எந்த பஸ், எந்த இடம், யார்மேல், எத்தனை முறை என்று படிவத்தில் இருந்ததைக் கேட்டேன்.

"கூட்டத்துல தெரியாமப் பட்டிருக்கும்."

"தெரியாமல் பட்டது கழலாது. அப்படியென்றால் உங்களுடையது இங்கே இல்லை."

தட்டைப் பார்த்தார். கையும் அவரைப் பார்ப்பதுபோல் விரல்களை மடக்கிக்கொண்டது. "சின்னப் பொண்ணு, அது சொல்றத நம்பிக்கிட்டு" என்று தொடங்கினார். படிவத்தில் அதற்கு இடமில்லை. இடது கையால் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார். சுமை ஆட்டோ ஓட்டுபவர். ரசீதை நீட்டி, "இது உள்ளதுதானா?" என்று கேட்டார். உண்மைதான் என்றேன். தட்டில் இருந்த ஐந்தையும் வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கைக்குத்தான் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தேன்" என்றார்.

பிறகு ரசீதைத் திருப்பிப் பின்பக்க வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மடிக்கலாமா?"

"மடிக்கலாம்."

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாசலில் நின்று, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முத்துநந்தினி எட்டு மணி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். பையை இரண்டு தோளிலும் மாட்டியிருந்தாள்.

அந்த பஸ் திரும்பி வந்தபோது கண்டக்டர் ஒரு துணிப்பையோடு என் அறைக்கு வந்தார். "சீட்டுக்கு அடியில கெடந்துச்சு அண்ணாச்சி. பொண்ணுங்க இறங்குன பெறகு கூட்டுனேன்" என்றார். மேசையில் கொட்டினோம். எல்லாம் "ங்க". பதினொன்று இருந்தன. சில புதிது, சிலவற்றில் ஓரம் தேய்ந்திருந்தது. கண்டெடுத்த நேரமும் பஸ் நம்பரும் எழுதி, குடைத் தட்டில் காலியாக இருந்த இடத்தில் அடுக்கினேன்.

மற்ற பஸ்களிலிருந்தும் இப்போது வருகின்றன. இன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு இருக்கின்றன. கேட்டுக்கொண்டு யாரும் வரவில்லை.