நவ்ரீனின் அரை பெஞ்சு

கல்மண்டபம் பகுதியில் நவ்ரீன் வீட்டு வாசலில் கிடக்கும் பெஞ்சுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கால்கள். மறுபக்கம் பலகை அந்தரத்தில் முடிகிறது. ஆனாலும் அது சாய்வதில்லை, மூன்று பேர் உட்கார்ந்தாலும் சாய்வதில்லை. அதன் மற்ற பாதி கடலுக்கு அப்பால் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. இது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நவ்ரீன் தச்சு வேலை செய்கிறவள். துறைமுகத்தில் இறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்துக் கொருக்குப்பேட்டையில் விற்பார்கள். அந்தப் பலகைகளை வாங்கிவந்து கட்டில், அலமாரி, பெஞ்சு என்று செய்வாள். எங்கள் பக்கத்து மாடிப்படியில் முழுக் கட்டிலை ஏற்றுவதென்றால் முதலில் வீட்டை இடிக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்தால் கட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டாக வேண்டும். அதனால் அவள் ஆணி அடிப்பதில்லை, பசையைத் தொடுவதே இல்லை. சேர வேண்டிய இரண்டு கட்டைகளிலும் எதிரெதிரே துளை போட்டு, நடுவில் தனியாக ஒரு மரத்துண்டைச் செருகுவாள். அதற்கு நாக்கு என்று பெயர். பாதி இந்தக் கட்டைக்குள், பாதி அந்தக் கட்டைக்குள். கையால் அழுத்தினால் ஏறும், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் தட்டினால் இறங்கும், நடுவில் கல்யாண வீட்டுக் கூட்டமே ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. பசை போடுகிறவன் தன் கையை நம்பாதவன் என்பது அவள் கட்சி. திமிர் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டுமே, அந்த வேலைக்கு அந்தத் திமிர் தகும்.

அவள் கணவன் தௌசீஃப் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலைக்குக் கிளம்பியபோது, வீட்டு ஞாபகமாக ஏதாவது கொடு என்று கேட்டான். மற்ற வீடுகளில் ஊறுகாய் கொடுப்பார்கள். இவள் வாசல் பெஞ்சை நடுவில் கழற்றி ஒரு பாதியைக் கொடுத்தாள். நாக்கு அவளுடைய பாதியிலேயே நீட்டிக்கொண்டு நின்றது. அவன் போன பிறகும் பெஞ்சு விழவில்லை. அவன் அங்கே உட்கார்ந்தால் இங்கே பலகை லேசாக இறங்கும். “புள்ள ஒக்காந்துட்டான்” என்று சொல்லிவிட்டு மாமியார் அஜீசுன்னிசா தானும் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். அப்படியே சில வருடங்கள் போயின.

பிறகு ஒரு புயல் காலத்தில், கப்பல் மூழ்கிவிட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று ஏஜென்ட் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. அன்று காலையிலிருந்தே பெஞ்சு தோணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நாக்கின் நுனியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டி வாசல் முழுக்க ஈரம். “பலகைய புட்ச்சிகினு மெதக்குறாரு” என்றாள் நவ்ரீன். ஆனால் பெஞ்சு ஆடுவதைப் பார்க்கப் பார்க்க அஜீசுன்னிசாவுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா இப்படி வாடுவதை இளைய மகன் அப்சலால் தாங்க முடியவில்லை. நல்ல பையன்தான். நவ்ரீன் பலகை வாங்கப் போயிருந்த நேரத்தில், ஆட்டம் நிற்கட்டும் என்று நாக்கைச் சுற்றி ஒரு டப்பா பசையை ஊற்றி இறுக்கிவிட்டான். ஆட்டம் நின்றது. பசை காய்ந்ததும் பெஞ்சு தடாலென்று தரையில் விழுந்தது.

நவ்ரீன் பலகைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது வீட்டில் ஒப்பாரி கேட்டது. கணவனை இழந்தவள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும் அல்லவா, அதற்கான வெள்ளைப் புடவையைக்கூட யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. பெஞ்சைத் திருப்பிப் போட்டு, துளையை முகர்ந்து பார்த்தாள்.

“இன்னாத்த ஊத்துன இதுல?”

“ஆடிக்கினே இருந்துச்சு அண்ணி. அம்மா பாவம்னு…”

“ஒட்டிட்டா அது இந்தப் பக்கத்துக்குத்தான்டா சொந்தம். அவருக்கு இன்னா கீது?”

அத்தனை பேரும் பார்க்க வாசலிலேயே உட்கார்ந்து, உளியால் பசையைச் சுரண்டி எடுத்தாள். ஒரு தேக்குத் துண்டை இழைத்துப் புது நாக்கு செய்து, துளையில் செருகி, பலகையை மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். மெதுவாகக் கையை எடுத்தாள். பெஞ்சு நின்றது. அழுகை நின்றது. ஆனால் இப்போது ஆட்டமே இல்லை. கடலுக்கு அடியில் போய்விட்டால் ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஒருத்தி மெல்லச் சொல்ல, அஜீசுன்னிசா மறுபடி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“இரு மாமி” என்ற நவ்ரீன், அன்று சாயங்காலம்வரை நாக்கை அப்படியே விட்டுவைத்தாள். அந்தப் பக்கப் பாதி தண்ணீருக்குள் இருந்தால் மரம் உப்பும், உப்பிய நாக்கைக் கொட்டாப்புளியாலும் உருவ முடியாது. பலகையை முழங்காலால் தாங்கிக்கொண்டு, இரண்டு விரலால் நாக்கைப் பிடித்து இழுத்தாள். வெண்ணெயில் கத்தி போல வந்தது. அதை மாமியார் கன்னத்தில் வைத்தாள். காய்ந்து, வெயில் பட்ட சூட்டோடு இருந்தது.

“கரை ஏறிட்டாரு. இது நான் போட்ட ஜாயிண்ட்டு மாமி, பொய் சொல்லாது.”

வெள்ளைப் புடவை வந்த வழியே திரும்பிப் போனது. அதன் பிறகு தினமும் ஒருமுறை நாக்கை உருவிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள். மாதங்கள் கழித்து, பெயர் தெரியாத ஒரு தீவிலிருந்து, தாடியும் கருத்த முகமுமாகத் தௌசீஃப் வந்து இறங்கினான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. விட்டதும் அவன் நவ்ரீனிடம் கேட்ட முதல் கேள்வி, “தெனம் காலைல இன்னாத்துக்கு என்ன குப்புற தள்ளிகினு இருந்தே?” என்பதுதான். அவள் சிரித்தாள், அப்போதுதான் அழுதாள். பிறகு அவன் கைகளைப் பார்த்தாள். வெறும் கையோடு வந்திருந்தான். தன்னைக் கரையில் தூக்கிப்போட்டுக் கஞ்சி ஊற்றிய மீனவக் கிழவிக்கு உட்கார ஒன்றுமில்லை, அதனால் பெஞ்சுப் பாதியை அவளுக்கே கொடுத்துவிட்டேன் என்றான்.

நவ்ரீன் கோபப்படவில்லை. நல்ல வேலை ஒன்று நல்ல வீட்டுக்குப் போயிருக்கிறது என்றாள். அன்றோடு நாக்கை உருவுவதை நிறுத்திவிட்டாள், வயதானவர்கள் விழுந்தால் இடுப்பு போய்விடும். இப்போது மீன் வலைகள் கரைக்கு வரும் நேரத்தில் பலகை லேசாக இறங்கும். அஜீசுன்னிசா தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு, “வந்துட்டியா, ஒக்காரு” என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பாரம் அதிகமாகாமல் தன் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்காருகிறாள்.