மூன்றாவது காப்பி

1.

"விளக்கு எரிஞ்சா என்ன ஆயிடும், ரெஃபிகா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் நிஹாத். எங்கள் ஊரான ஸெனிட்சாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கேட்டபோது என் வீட்டு சோபாவின் ஒரு முனையில் அவன் இருந்தான், மறுமுனையில் நான் இருந்தேன், நடுவில் இருட்டு இருந்தது. இருட்டைக் கொண்டுவந்தது நான்தான். அவன் என் கையைத் தொட்டதும் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நின்று உரக்கப் படிக்கச் சொல்வார்கள். என் கழுத்து சிவக்கும், பிறகு காது சிவக்கும், வகுப்பே அதை வேடிக்கை பார்க்கும். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. அன்றிலிருந்து யாருக்கும் காட்டாமல் எழுதுகிறேன். இப்போது எனக்கு முப்பது வயது. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. (இது கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டேன்.)

2.

முதல் முயற்சி: "பனி கொட்டும் ஒரு மாலையில் எல்மினா என்ற அழகி

நிறுத்திவிட்டேன். எல்மினா நான்தான், கொஞ்சம் உயரமாக.

இன்னொரு முயற்சி: "வெட்கம் என்றால் என்னவென்றே அறியாத எல்மினா, தன் ஸ்வெட்டரைத் தானே கழற்றி

கழற்றி என்ன செய்தாள்? நானாக இருந்தால் மடித்து வைப்பேன், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. எல்மினா அதைத் தூக்கி எறிவாளாம். அவளை என்னால் நம்ப முடியவில்லை. எறிந்த ஸ்வெட்டரை அப்புறம் யார் எடுப்பது?

எல்மினாவை அனுப்பிவிட்டேன். 'அவள்' என்று எழுதுவது கனத்த துணியில் திரை தைப்பது மாதிரிதான். எவ்வளவு கனமாகத் தைத்தாலும் பின்னால் ஒளிந்திருப்பவளின் கால் கீழே தெரிந்துகொண்டே இருக்கும்.

கால் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

3.

எங்கள் அடுக்குமாடியில் காலணியை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. கதவுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆகவே எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் படியேறும் எல்லோரும் படித்துக்கொண்டே போகலாம். என் கதவு முன்னால் எப்போதும் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கும். நிஹாத் முதன்முதலாக வந்த மாலை, அதன் பக்கத்தில் அவனுடைய ஷூக்கள் கரையேறிய இரண்டு படகுகளைப் போல நின்றன. அவன் கை கழுவப் போனான். நான் அவற்றை உள்ளே எடுத்துவந்து வாஷிங் மெஷினுக்குள் வைத்து மூடினேன்.

(கிளம்பும்போது அவன் வெகுநேரம் தேடினான். நானும் கூடவே தேடினேன்.)

ஆனால் நான் அவற்றை உள்ளே எடுப்பதற்குள்ளேயே எதிர்வீட்டு ஸும்ரா அக்கா பார்த்துவிட்டாள். தினமும் காலையில் என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிறவள். அவள் வாயை மூடி நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் பேசுவதாக அவள் கணவரே சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை காப்பியோடு ஆரம்பித்தாள்:

"என்னடி பொண்ணே, ஒரே நாள்ல உன் கால் இப்படி வளந்துபோச்சு?"

"குழாய் ரிப்பேர் பண்ண ஆள் வந்தாரு அக்கா."

"குழாய்க்காரன் வந்தா டங்கு டங்குன்னு சத்தம் வரணுமே. உன் வீட்டுலேருந்து ஒரு சத்தமும் வரல. எனக்கு அதான் கவலை."

4.

இனி காப்பி. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு முதல் காப்பி வரவேற்க. இரண்டாவது, பேச. பேச்சு முடிந்தும் அவர் எழுந்திருக்காவிட்டால் மூன்றாவது வரும். அதற்குக் கிளம்பு காப்பி என்று பெயர். வாயைத் திறக்காமல் ஒருவரை வெளியே அனுப்ப இதைவிட மரியாதையான வழி கிடையாது.*

* எனக்கு அந்த மரியாதைகூட வராது. ஸும்ரா அக்கா மதியம் வரை உட்கார்ந்தாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். கடைக்குத் தாமதமாக ஓடுவேன்.

நிஹாத் இரண்டாம் முறை வந்த மாலைக்கு வருகிறேன். ஷூக்கள் வாஷிங் மெஷினில். முதல் காப்பி ஆயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. பேருந்தில் யாரோ ஆட்டுக்குட்டிக்கும் சீட்டு கேட்ட கதையைச் சொன்னான், சிரித்தேன். அப்போதுதான் கையைத் தொட்டான். விளக்கை அணைத்தேன். மேலே சொன்ன கேள்வியைக் கேட்டான். என் இரண்டு கைகளும் யாருடையவோ போல மடியில் கிடந்தன.

"காப்பி போடுறேன்" என்று எழுந்து ஓடினேன்.

பொங்கி வந்த செப்புக் குடுவையோடு திரும்பியபோது அவன் விளக்கைப் போட்டிருந்தான். கோப்பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகம் மாறியபோதும் எனக்குப் புரியவில்லை. நின்றபடியே மடமடவென்று குடித்தான், நாக்கு வெந்திருக்கும். நேராக வாஷிங் மெஷினுக்குப் போய் ஷூக்களை எடுத்துக்கொண்டான்.

"உடம்பப் பாத்துக்க, ரெஃபிகா" என்றான்.

கதவு சாத்திய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். மூன்று.

5.

இங்கே கதைக்கு ஒரு முடிவு வேண்டும். என்னிடம் சில இருக்கின்றன.

(அ) ரெஃபிகா பனியில் வெறுங்காலோடு அவன் பின்னால் ஓடுகிறாள். இது நடக்காது. எங்கள் ஊரில் குளிர்த்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பெண்ணைத் திட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். காதலுக்கு நேரம் இருக்காது.

(ஆ) அவன் திரும்பி வருவதே இல்லை. அவள் ஊர் முழுவதற்கும் திரை தைத்து முதுமை அடைகிறாள். இதை மிக நன்றாக எழுதினேன், நானே அழுதேன். அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துவிட்டேன்.

(இ) உண்மையில் நடந்தது. மூன்றில் இதைத்தான் என்னாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் அவன் பேருந்தில் முன்வாசல் வழியாக ஏறினேன். ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று அவன் தலைக்கு மேல் எழுதியிருந்தது. எழுதியிருப்பதை மீறி எனக்குப் பழக்கமில்லை. என் நிறுத்தம் வந்தது, போயிற்று. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தான். அப்போது கரும்பலகை முன்னால் ஒருநாளும் வராத குரல் என் வாயிலிருந்து வந்தது:

"அந்த மூணாவது காப்பி உன்னப் போகச் சொல்லிப் போட்டதில்ல!"

பேருந்து முழுக்க என் பக்கம் திரும்பியது. அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை.

"அப்புறம் எதுக்குப் போட்டே?" என்றான், திரும்பாமல்.

"கைய எங்க வெக்கிறதுன்னு தெரியல."

"அவன் தோள்ல வெய்யேம்மா!" என்றாள் மடியில் முட்டைக்கோஸ் வைத்திருந்த ஒரு பெண்மணி. "அவ்ளோ பெரிய தோளு சும்மாதானே கெடக்கு!"

"எதையாவது வெச்சுட்டு வண்டிய எடுக்கச் சொல்லும்மா" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு கிழக்குரல். "பல் டாக்டர் எனக்காகக் காத்துட்டிருக்காரு."

நான் அவர்களைப் பார்க்கவில்லை. நிஹாத்தின் கழுத்தைப் பார்த்தேன். காலரிலிருந்து மெல்லச் சிவந்து காது வரை போனது. என் சிவப்பு போகிற அதே வழி.

6.

அன்று மாலை வந்தான். ஷூக்களை வெளியே கழற்றினான். நான் அவற்றைப் பார்த்தேன். அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான். கதவைச் சாத்தினேன், ஷூக்கள் வெளியேயே இருந்தன.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றான். "நீ விளக்க அணைச்சப்ப எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? ரெண்டு நாளும் இங்க வயித்த உள்ள இழுத்துப் பிடிச்சுட்டுதான் உக்காந்திருந்தேன்."

"அப்ப விளக்கப் பத்தி எதுக்குக் கேட்டே?"

"தைரியமான ஆளுன்னு நீ நினைக்கணும்ல."

"விடு."

"கேள்வியவா?"

"மூச்ச."

விட்டான். சட்டையின் பொத்தான்கள் கஷ்டப்பட்டன. நான் சிரித்தேன், அவனும் சிரித்தான், சிரிக்கச் சிரிக்க வயிறும் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் ஸ்வெட்டரைக் கழற்றினேன். மடித்தேன், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. அவன் அவசரப்படவில்லை. நான் மடித்து முடிக்கும் வரை ஏதோ முக்கியமான வேலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கைகளுக்கு இடம் கிடைத்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இங்கே திரை போடுகிறேன். வெட்கத்தால் இல்லை. அது என் தொழில்.

7.

காலையில் ஸும்ரா அக்கா வந்தாள். வாசலில் நின்று படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிட்டு உள்ளே வந்தாள். முதல் காப்பி வைத்தேன்.

"பஸ்ஸுல நின்னு கத்தினியாமே? நாலு பேரு போன் பண்ணிட்டாங்க."

காது சிவந்தது. சிவந்துவிட்டுப் போகட்டும் என்று இரண்டாவது வைத்தேன். குளியலறையிலிருந்து நிஹாத் சுருதி தப்பிப் பாடுவது கேட்டது.

"இன்னிக்கும் குழாயா?"

"இல்ல அக்கா. நிஹாத்."

"அப்ப ஆளப் பாத்துட்டே போறேன்" என்று நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் எழுந்தேன். குடுவையை அடுப்பில் வைத்தேன். பொங்கியதும் கொண்டுவந்து அவள் கோப்பையில் ஊற்றினேன்.

அவள் முகத்தில் என்ன தெரிந்தது என்று கேட்பீர்கள். கோபம் என்று ஒருமுறை எழுதினேன், பிறகு சந்தோஷம் என்று எழுதினேன், இரண்டையும் அடித்துவிட்டேன். நான் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நிமிர்ந்து பார்க்க முடியுமா? அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்டதை மட்டும் சொல்கிறேன். நிதானமாக, வண்டல் வரை உறிஞ்சும் சத்தம். நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. வெளியே யாரோ குனிந்து, இரண்டு பெரிய ஷூக்களை என்னுடைய சின்ன ஜோடிக்குப் பக்கத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்தார்கள். பிறகு ஸும்ரா அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விட்டாள்.