ஆறடி அதிகம்

என் நண்பன் ராய்ஸ் லின்ட்கிரனின் மோட்டார்ஹோம், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் வண்டி, இருபத்தைந்து அடி நீளம். அவன் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல. அவன் குடும்பம் ஏரிக்குக் குளிக்கப் போயிருந்தபோது நானே அளந்தேன். முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை, ஒரு காலின் விரலோடு மறுகாலின் குதிகாலை ஒட்டி வைத்து நடந்தேன். என் பூட்ஸ் சரியாக ஓர் அடி. இருபத்தைந்து வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மார்லிஸ் பார்த்திருந்தாள்.

"என்ன பண்ற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கால் மரத்துப்போச்சு."

மார்லிஸ் என் மனைவி. என் பூட்ஸைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒன்பது வருடங்களாக ஜூலை மாதத்தில் ஒரு வாரம் இரண்டு குடும்பமும் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்கு முகாம் போடப் போகிறோம். அவர்களுக்குப் பதினேழாம் எண் இடம், எங்களுக்குப் பதினெட்டு. முன்பதிவு நூற்றிருபது நாள் முன்னால், காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழு ஐம்பத்தைந்துக்கே நானும் ராய்ஸும் ஆளுக்கொரு கணினி முன்னால் உட்கார்ந்து, காதில் போனை வைத்துக்கொள்வோம். "கிடைச்சுதா?" "கிடைச்சுது. உனக்கு?" அவ்வளவுதான் பேச்சு. எங்கள் கூடாரங்கள்கூட ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. அவனுடையது பச்சை, என்னுடையது நீலம்.

போன ஜூலையில் அவன் மோட்டார்ஹோமோடு வந்து இறங்கினான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா நீயும் வாங்கியிருப்படா, அதான் சொல்லல" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. எங்கள் கூடாரத்தின் தரை ஒரு மூலையில் கசிந்தது. என் மகள் பிரிட்டாவுக்குப் பதினோரு வயது. ராய்ஸின் மகள் கெல்சிக்கும் அதே வயது. கெல்சி கூப்பிட்டாள், பிரிட்டா தலையணையை எடுத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு நாள் திரும்பி வரவில்லை.

சாப்பிடக் கூப்பிடப் போனேன். படியில் கால்மிதி போட்டிருந்தார்கள்.

"ஷூவைக் கழட்டிட்டு வாடா" என்றான் ராய்ஸ் உள்ளேயிருந்து.

அவன் மனைவி ஜோலீன் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். வெண்ணெய் வாசனை. என் சாக்ஸ் நனைந்திருந்தது. நான் உள்ளே போகவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த படுக்கையின் சின்ன ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. பிரிட்டா எனக்குக் கையசைத்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கையசைப்பது போல.

ஊர் திரும்பும்போது காரில் சொன்னாள்: "அப்பா, அங்க மழைச் சத்தம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"நம்ம டென்ட்லயும்தான் மழை பெஞ்சுது."

"நம்ம டென்ட்ல மழை மட்டும்தான்ப்பா இருந்துச்சு."

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பிப்ரவரியில் மினியாபொலிஸில் மோட்டார்ஹோம் கண்காட்சி நடந்தது. வெளியே பனி முழங்கால் உயரம். உள்ளே ஒவ்வொரு வண்டியின் படியிலும் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, ஜனங்கள் சாக்ஸோடு வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். மற்றவர்களின் படுக்கைகளில் படுத்துப் பார்த்தார்கள். யாரும் கூச்சப்படவில்லை.

விற்பனையாளர் பெயர் டுவேன். கழுத்தில் அட்டை தொங்கியது. மார்லிஸின் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். என்னிடம் கேட்டான்.

"கூட வர்ற நண்பர்கிட்ட எத்தனை அடி வண்டி சார் இருக்கு?"

"இருபத்தஞ்சு" என்றேன்.

"அப்ப இந்தப் பக்கம் வாங்க" என்றான்.

மார்லிஸ் அசையவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பதைக் குளிர்காலம் முழுக்க யோசித்து முடித்திருந்தாள். ஓடும்போது மூன்று பேரும் பெல்ட் போட்டு முன்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். ஈரத் துணியைத் தொங்கவிட ஓரிடம் வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்தபடி கதவைச் சாத்த முடிய வேண்டும். அப்புறம், வண்டி எங்கள் பதினெட்டாம் இடத்தில் நிற்க வேண்டும்.

இருபத்து நான்கு அடி வண்டி ஒன்றில் ஏறினாள். என்னைக் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"முட்டி இடிக்குதா?"

"இல்ல."

"கைய நீட்டு. பேப்பர் எட்டுதா?"

"எட்டுது."

வெளியே வரிசையில் நின்ற யாரோ ஒரு கிழவர் சொன்னார்: "தம்பி, எல்லாம் சரின்னா சீக்கிரம் வா. எனக்கு நிஜமாவே வருது."

மார்லிஸ் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். "இப்ப மழை பெய்யுதுன்னு வச்சுக்குவோம். ஒரு மணி நேரம் உட்காருவோம்."

உட்கார்ந்தோம். சீட்டாடினோம். ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போய்ப் படுக்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். பிரிட்டா இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். பிறகு மேல்படுக்கையில் ஏறி ஜன்னலுக்கு முகத்தைக் கொடுத்துப் படுத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்கு."

"கெல்சியோடதை விடப் பெருசா?"

கொஞ்சம் யோசித்தாள். "அதே மாதிரிதான் இருக்கு. கொஞ்சம் சின்னது."

அந்தக் 'கொஞ்சம் சின்னது' என்னோடு கீழே இறங்கி வந்தது.

டுவேன் காத்திருந்தான். அடுத்த வண்டி முப்பத்தொன்று. பின்னால் கதவு வைத்த தனிப் படுக்கையறை. நின்று குளிக்கும் அளவுக்குக் குளியலறை. பிரிட்டாவுக்கு அடுக்குப் படுக்கை, அதில் தனி விளக்கு, தனித் திரை. பக்கச் சுவரை ஒரு பொத்தானை அழுத்தி வெளியே தள்ளலாம். டுவேன் அழுத்தினான். அறை எங்கள் கண் முன்னால் மெல்ல அகன்றது. ராய்ஸ் இதைப் பார்க்கும் நேரத்தை நான் மனதில் பார்த்தேன். கையில் காப்பிக் கோப்பையோடு நிற்பான்.

"இதுலயும் சீட்டு ஆடலாமா?" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் மார்லிஸ். "இதுல உட்கார்ந்தா ஏரி தெரியாது. டிவிதான் தெரியும்."

"பின்னாடி நமக்குன்னு தனி ரூம் இருக்கு பாரு."

"இது யாருக்கு வாங்கறோம், ஆர்லன்?"

"நமக்குத்தான்."

"ராய்ஸுக்குன்னு நினைச்சேன்."

டுவேன் தன் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

"பதினெட்டுல நிக்குமா?" என்றாள்.

"நிக்கும்."

"அளந்தியா?"

"அளந்தேன்."

அது பொய்யில்லை. செப்டம்பரில் தனியாக மீன் பிடிக்கப் போனபோது பதினெட்டை அளந்திருந்தேன். ஜல்லித் தளம் இருபத்தைந்து அடி. வாசல் கம்பத்திலும் அதே எண்தான் எழுதியிருக்கும். ஆனால் பின்சக்கரம் தளத்தின் விளிம்பைத் தொட்டால் வால் பகுதி வெளியே தொங்கும். எல்லோரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ராய்ஸும் அப்படித்தான் பதினேழில் நிறுத்தினான், அவன் வால் பெரணிச் செடிகளின் மேல் தொங்கியது. பதினெட்டின் பின்னால் பெரணி இல்லை. ஒரு பைன் மரம் இருக்கிறது. ஒன்பது வருடம் துணி காயப்போட அதில்தான் கயிறு கட்டினேன். அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த முப்பத்தொன்றையே வாங்கினேன். மார்ச்சில் முன்பதிவு திறந்தது. படிவம் வண்டியின் நீளம் கேட்டது. முப்பத்தொன்று என்று போட்டேன். பதினெட்டு பட்டியலிலிருந்து மறைந்தது. காதில் ராய்ஸ் கேட்டான், "கிடைச்சுதா?" முப்பத்தொன்றை அழித்து இருபத்தைந்து என்று போட்டேன். பதினெட்டு திரும்பி வந்தது.

"கிடைச்சுது" என்றேன். "உனக்கு?"

வண்டி வாங்கியதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூலையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். புதிதாக வந்தவன் வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விடுவதைப் பார்ப்பதுதான் அங்கே சாயங்காலப் பொழுதுபோக்கு. மடக்கு நாற்காலிகளைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். எத்தனையோ புருஷன் பெண்டாட்டிச் சண்டையை நாங்களும் அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். எங்கள் வண்டியைக் கண்டதும் ஏழெட்டு நாற்காலிகள் திரும்பின.

பதினேழிலிருந்து ராய்ஸ் எழுந்து வந்தான். கையில் காப்பிக் கோப்பை. நான் நினைத்த மாதிரியே.

"டேய்" என்றான். அதற்காக ஒரு வருடம் காத்திருந்தேன்.

மார்லிஸ் இறங்கிப் பின்னால் போய்க் கையைக் காட்டினாள். வந்தேன். இன்னும் காட்டினாள். வந்தேன். கை நின்றது. ராய்ஸ் கத்தினான்.

"நிறுத்துடா! மரம்!"

இறங்கிப் பார்த்தேன். பின் பம்பருக்கும் மரத்துக்கும் இடையே என் உள்ளங்கை போகும். முன்னால் போய்ப் பார்த்தேன். மூக்கு சாலையில் பாதியை அடைத்து நின்றது.

"மரத்தக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லலாம்" என்றார் நாற்காலிக்காரர் ஒருவர்.

"கதவத் தொறந்துவிட்டா சாலையில போறவங்க வீட்டு வழியாப் போயிடலாம்" என்றாள் அவர் மனைவி.

பூங்காக் காவலர் வந்தாள். இளம்பெண், மரியாதையான பேச்சு.

"ரொம்ப அழகான வண்டி சார். இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க."

"கிட்டத்தட்ட" என்றேன்.

"ஆமா சார், கிட்டத்தட்டத்தான் இருக்கும். ஒரு தடவை அளந்துடலாமா?" இடுப்பிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ராய்ஸ் பிடித்தான். நாடாவை இழுத்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டில் நடந்தான். மரத்தருகே குனிந்து எண்ணைப் படித்தான்.

"முப்பத்தொண்ணு" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. நிமிர்ந்து வண்டியை ஒருமுறை முழுதாகப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன வருடம் முழுக்க என் முகத்தில் இருந்தது. எனக்கு இனித்தது. நாடா சுருண்டு பெட்டிக்குள் போகும் நேரம்வரைதான் இனித்தது.

மின்வசதி உள்ள பெரிய இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன என்றாள் காவலர். படகுத்துறை நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவைக்கலாம், ஆனால் அதில் தூங்கக்கூடாது. பதினெட்டு எங்களுடையதுதான், கூடாரம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

"டென்ட் எங்க இருக்கு, வீட்லதான இருக்கு" என்றேன்.

மார்லிஸ் வண்டியின் அடிப்பெட்டியைத் திறந்தாள். நீலக் கூடாரத்தை இழுத்துக் கீழே போட்டாள்.

"இதை எதுக்குக் கொண்டுவந்த?"

"நீ அளந்தேன்னு சொன்னியே, அதனாலதான்."

வண்டியைப் படகுத்துறையில் விட்டுவிட்டு ஒரு மைல் நடந்து திரும்பினேன். கூடாரம் நின்றுகொண்டிருந்தது. கசியும் மூலையை மார்லிஸ் ஒட்டி வைத்திருந்தாள், எப்போது என்று தெரியாது. ஜோலீன் சோளம் வேகவைத்துக் கொண்டுவந்தாள். குளியலறையில் நின்று குளிக்க முடியுமா என்று ராய்ஸ் கேட்டான். முடியும் என்றேன். பக்கச் சுவர் நகருமா என்று கேட்டான். நகரும் என்றேன். சோளத்தைக் கடித்தான்.

இருட்டும் முன்னே பிரிட்டா தலையணையை எடுத்துக்கொண்டாள்.

"மழைகூட இல்லையே" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். போனாள். அந்தச் சின்ன ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

காலையில் குளிக்கத் துண்டோடு படகுத்துறைக்குப் போனேன். வெயில் அப்போதுதான் ஏரிக்கு வந்திருந்தது. என் வண்டியின் பக்கத்தில் ராய்ஸ் நின்றான். சுற்றிலும் பார்த்தான். நான் ஒரு படகின் பின்னால் இருந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

முன் பம்பரோரம் காலை வைத்தான். விரலோடு குதிகாலை ஒட்டி வைத்து நடக்கத் தொடங்கினான். நாடா பிடித்து எண்ணைப் படித்தவனே அவன்தான். இருந்தும் நடந்தான்.

அவன் இடமான பதினேழின் கம்பத்தில் இருபத்தாறு அடி என்றுதான் எழுதியிருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். "டேய், பெருசு வேண்டாம்டா, இடம் போயிடும்" என்று ஒரு வார்த்தை போதும். அவன் உதடு அசைந்தது. பத்து, பதினொன்று.

முப்பத்தொன்று வரை அவனோடு சேர்ந்து எண்ணினேன்.