அடிபட்ட தேதி

ஜூன் 12, வியாழன். என் குறிப்பில் ஒரு தவறு. அண்ணனுக்குக் கோபம் தொடங்கிய நாள் பிப்ரவரி 18 என்று எழுதியிருக்கிறேன். அது அவனுக்குத் தலையில் அடிபட்ட நாள்.

வகுப்பு முடிந்து திரும்பும் பஸ்ஸில் இவ்வளவையும் எழுதிவிட்டு ரேணுகா பேனாவை மூடினாள். எஸ்டேட்டில் நிழல் மரத்துக்குக் கிளை கழிக்கும்போது சில்வர் ஓக் கொம்பு ஒன்று அண்ணன் விஜயன் தலையில் விழுந்தது. அதன் பிறகு லீவு ஃபாரம், ஆஸ்பத்திரி ஃபாரம் என்று எல்லாவற்றிலும் கேட்டது ஒரே கேள்விதான்: அடிபட்ட தேதி. எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அண்ணனின் கோபத்தைக் குறித்துவைக்கும் நோட்டிலும் அதையே போட்டுவிட்டாள்.

குன்னூரில் அவள் போகும் மாலை வகுப்பில், நோயாளிகளைப் பராமரிக்கச் சொல்லித்தருகிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைதான் கோபத்துக்கு பிரேக். அங்கே அடிபட்டால் சிலருக்கு பிரேக் பிடிக்காது என்றார் ஜஸ்டஸ் சார். அண்ணி கோகிலவாணியிடம் சொல்லும்போது ரேணுகா அந்தச் 'சிலரை' விட்டுவிட்டாள். "இது மூளை அண்ணி. இனி மாறாது" என்றாள். அடுத்த வாரமே விஜயன் வீசிய சோற்றுத் தட்டு சுவருக்குப் பறந்தது, பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் தள்ளி. கோகிலவாணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் சர்க்கரை கேட்டுக்கூட விஜயன் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

இன்று வகுப்பு முடிந்ததும் நோட்டை சாரிடம் காட்டியிருந்தாள்.

"அண்ணனுக்கு மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்கம்மா?"

"வலிப்பு வந்தப்புறம் சார். ஏப்ரல் இருபத்திரண்டு."

"அதுக்கு முன்னாடி எத்தனை தடவை கோவம்?"

பக்கங்களைப் புரட்டினாள். ஒன்றுகூட இல்லை. "எழுதாம விட்டிருப்பேன் சார்."

"இருக்கலாம். ஆனா மூளையில அடி மட்டுமில்ல, உள்ள ஓடுற ரசாயனமும் கோவத்தைக் கூட்டும், குறைக்கும். வலிப்பு மாத்திரை சிலது சிலருக்கு எரிச்சலக் கிளப்பிடும். டாக்டருதான் பார்த்துச் சொல்லணும். நீங்களா நிறுத்திடாதீங்க, வலிப்பு திரும்ப வந்துடும்."

பஸ்ஸில் இப்போது அதே நோட்டின் முன்பக்கத்தைத் திருப்பினாள். மார்ச் 27, வகுப்புக் குறிப்பின் ஓரத்தில் அவள் கையெழுத்து: கட்டுப் போட்ட தலையோடு அண்ணன் குடை பிடித்து பஸ் ஸ்டாப் வரை வந்தான். 'மூளையப் பத்திப் படிக்கப் போறியே புள்ள, மிச்சம் இருந்தா எனக்கும் ஒன்னு வாங்கிட்டு வா' என்றான்.

அடிபட்டு ஐந்து வாரம் கழித்து, சிரித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் கோகிலவாணிக்குப் போன் செய்து, சார் சொன்னதைச் சொன்னாள்.

"நீதான மாறாதுன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன் அண்ணி. இப்பச் சொல்றதும் சரியான்னு தெரியல."

மறுமுனையில் பிள்ளை எதற்கோ அழுதது. "டாக்டர் சொல்லட்டும். அப்புறம் கூப்புடு" என்று வைத்துவிட்டாள்.

விஜயன் அடுத்த அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரேணுகா வாசற்படியிலேயே நின்று அந்த ஓரக் குறிப்பைப் படித்தாள். அவன் கை பக்கத்திலிருந்த டம்ளருக்குப் போகிறதா என்று ஒரு கண் பார்த்தபடியே படித்தாள்.

"நானா சொன்னேன்?"

"நீதாண்ணே. அப்ப மாத்திரை ஆரம்பிக்கல. நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுப் பார்ப்போம், வர்றியா?"

அவன் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினான். பிறகு, "நானே என்னைப் பார்த்துப் பயந்துட்டுத்தான் புள்ள இருக்கேன்" என்றான். "எந்த பஸ்ஸு?"

ரேணுகா திரும்பி வந்து பிப்ரவரி 18-ஐ ஒரு கோடு போட்டு அடித்தாள். புதிய தேதி எதையும் போடவில்லை. கீழே எழுதினாள்:

நாளை: ஏழரை மணி பஸ். மாத்திரை அட்டை, இந்த நோட்டு. காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டு அண்ணனை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.