மேஸ்திரி போட்ட போன்

டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் ஒரு வீட்டுக்கு மாடித் தளம் போட்ட அன்று காலையிலிருந்தே சிரிப்பு. காங்கிரீட் சட்டி கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் ஓய்ந்தால் கையும் ஓய்ந்துவிடும். சாரத்தில் வரிசையாக நின்ற பெண்களில் ஜெயராணி வாய்தான் பெரிது.

“நேத்து தட்டை வீசுனான்க்கா என் வீட்டுக்காரன். குனிஞ்சேன் பாரு, தட்டு நேரா பக்கத்து வீட்டு பெங்காலி மீன் கொழம்புல!”

“அடுத்த தடவை சோத்தோட வீசச் சொல்லுடி” என்றாள் பக்கத்தில் நின்ற மருதாயி.

ஜெயராணியின் கன்னம் நீலம் பாரித்திருந்தது. பார்த்துக்கொண்டேதான் சிரித்தார்கள். மேஸ்திரி ராஜமாணிக்கத்துக்கும் அப்படிச் சிரிக்கவைக்க ஆசை. போனில் ஸ்பீக்கரைப் போட்டு அவள் புருஷன் ஈஸ்வரனைக் கூப்பிட்டார்.

“ஈஸ்வரா, உன் பொண்டாட்டி இனிமே எங்கூடத்தான் இருப்பாளாம்!”

சாரமே குலுங்கியது. போனில் ஈஸ்வரன் குரல்: “சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும்.” வைத்துவிட்டான்.

ஜெயராணி கையில் சட்டி நின்றது. “மேஸ்திரி, நான் சொன்னது வாங்கி முடிச்ச அடி. இனி நான் வாங்கப்போற அடிக்கு நீ ஏற்பாடு பண்ணிட்ட.”

ராஜமாணிக்கம் பதறி மறுபடி போன் அடித்தார். “மஸாக் பண்ணேன் பாய், சும்மா விளையாட்டுக்கு!”

“அவளுக்காக நீ ஏன்டா பேசுற?”

இன்னொரு முறை. “தங்கமான பொண்ணுப்பா, எனக்குத் தெரியாதா?”

“உனக்கு எப்படிடா தெரியும்? இரு, வரேன்!”

“ஐயோ, அந்தாளு கையிலேருந்து போனைப் புடுங்குங்கடி!” என்று கத்தினாள் மருதாயி. தன் வீட்டுச் சாவியை ஜெயராணி இடுப்பில் செருகினாள். “சிப்பிகாட் பஸ் ஏறு. எங்க வீட்ல இரு. நாளைக்கும் இரு.”

“என் சட்டியை யாருக்கா வாங்குவா?”

“மேஸ்திரி வாங்குவாரு.”

ஜெயராணி ஏணியில் இறங்கி ஓடினாள். சிமெண்ட் அப்பிய காலோடு பஸ்ஸில் ஏறியதும், எதற்கென்று தெரியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் விலகி நின்றான்.

பஸ் போன பிறகுதான் ஈஸ்வரன் ஸ்கூட்டரில் வந்தான். “எங்க அவ?”

ஜெயராணி இடத்தில் நின்ற ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். “சுப்! வாயை மூடு!” என்று மருதாயி நிறைந்த சட்டியை அவர் நெஞ்சோடு சேர்த்துத் திணித்தாள். பிறகு கீழே குனிந்து, “இங்க இல்ல. இன்னிக்கு உன் வீட்டுக்கும் வரமாட்டா” என்றாள்.

சாரம் முழுக்கப் பெண்கள் அவனையே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முறைத்தான். திரும்பி ஸ்கூட்டரை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான். மேலே யாருக்கோ அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது.